சக்கரத்துக்கு முன் சூளை: வீட்டில் மண்கூடம் அமைப்போருக்கு ஓர் ஒப்பீடு

மண் வனையப் பழகி ஆறேழு மாதம் ஆனவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எந்தச் சக்கரம் வாங்கலாம்?" அந்த ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது. வாரம் இரண்டு மணி நேர வகுப்பு போதவில்லை. மண் இப்போதுதான் கைக்கு அடங்கத் தொடங்கியிருக்கிறது. வீட்டிலேயே ஒரு சக்கரம் இருந்தால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகும் உட்காரலாமே என்று தோன்றுகிறது. நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது இதுதான்: "வனைந்ததை எங்கே சுடப்போகிறீர்கள்?"

தப்பான சக்கரத்தை வாங்கிவிட்டால் கொஞ்சம் நஷ்டத்தோடு விற்றுவிடலாம். சூளை அப்படியில்லை. அதற்காக இழுத்த வயர், மாற்றிய மின் இணைப்பு, மூட்டை மூட்டையாக வாங்கிய மண், கலக்கி வைத்த கிளேஸ் (பாண்டத்தின் மேல் பூசும் கண்ணாடிப் பூச்சு) என எல்லாமே அந்த ஒரு முடிவைச் சார்ந்தவை. அதனால்தான் இந்தக் கட்டுரையில் சூளைக்கு அதிக இடமும் சக்கரத்துக்குக் குறைந்த இடமும் கொடுத்திருக்கிறேன்.

## முதலில் எதை அளக்க வேண்டும்

முதல் அளவுகோல் சூடு. டெரகோட்டா என்கிற செம்மண் பாண்டத்துக்கு 900 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரை போதும். கோன் 6 அளவில் சுடும் ஸ்டோன்வேருக்கு, அதாவது கல் போல இறுகும் பாண்டத்துக்கு, ஏறத்தாழ 1220, கோன் 10-க்கு ஏறத்தாழ 1285. கோன் என்பது சூளைக்குள் வைக்கும் சிறிய கூம்பு. வெப்பநிலை, அது நீடித்த நேரம் இரண்டும் சேர்ந்து தாக்கும்போதுதான் அது வளையும். டெரகோட்டாவில் நுண்துளைகள் இருப்பதால் தண்ணீர்ப் பானை குளிர்ச்சி தரும். அதே துளைகளால் காபிக் கோப்பையில் ஈரம் கசியும், கறை ஏறும். அன்றாடம் சாப்பிடும் தட்டும் கோப்பையும் செய்ய வேண்டும் என்றால் நீங்கள் ஸ்டோன்வேருக்குத்தான் போவீர்கள். செடித்தொட்டி, அகல், சிற்பம் போதும் என்றால் 1000 டிகிரி சூளையே தாராளம். இதை முடிவு செய்யாமல் கடைக்குப் போகாதீர்கள்.

அடுத்து இடம். வீடு சொந்தமா வாடகையா, தரைத்தளமா மூன்றாவது மாடியா, சூளையைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஓர் அடியாவது காலியாக விட முடியுமா என்று பாருங்கள். மூன்றாவது, மின் இணைப்பு. ஒரு முனை இணைப்பா மும்முனையா, அனுமதிக்கப்பட்ட சுமை எத்தனை கிலோவாட் என்பது மின்கட்டண அட்டையிலேயே இருக்கும். நான்காவது, மாதத்துக்கு எத்தனை உருப்படி செய்கிறீர்கள் என்பது. ஆசைப்படும் எண்ணிக்கை வேண்டாம். போன மூன்று மாதத்தில் உண்மையில் செய்ததை எண்ணிப் பாருங்கள். கடைசியாக, சுடும் நாள் முழுக்க உங்களால் வீட்டில் இருக்க முடியுமா?

## கூலிக்குச் சுடுவது

பலருக்கு இது ஏதோ தற்காலிக ஏற்பாடாகத் தோன்றுகிறது. என் கணக்கில் முதல் ஒரு வருடத்துக்கு இதுவே நல்ல வழி. சென்னையிலும் புதுச்சேரியிலும் பெங்களூரிலும் பிறர் செய்ததைச் சுட்டுக் கொடுக்கும் கூடங்கள் உண்டு. சில இடங்களில் அடுக்குத் தட்டுக் கணக்கு, சில இடங்களில் எடைக் கணக்கு. இன்னும் சிலர் உருப்படியின் நீள அகல உயரத்தைப் பெருக்கி வாங்குகிறார்கள். நீங்கள் தட்டையான தட்டுகள் செய்பவரா உயரமான ஜாடிகள் செய்பவரா என்பதைப் பொறுத்து ஒரே இருபது உருப்படிக்குக் கூலி நிறைய வேறுபடும். அதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கூலியில் தெரியாத செலவு, வழியில் உடைவது. நன்றாகக் காய்ந்த பச்சைப் பாண்டம் அப்பளம் மாதிரி. ஒரு வேகத்தடை போதும். நான் பழைய மெத்தைப் பஞ்சைக் குழி குழியாக வெட்டி, கோப்பைகளை அதில் அமர்த்தி, காரின் கால் வைக்கும் இடத்தில் வைத்துக் கொண்டுபோவேன். டிக்கியில் வைத்த முதல் தடவை பதினான்கு கோப்பைகளில் ஐந்தின் காது போய்விட்டது. இன்னொரு செலவும் உண்டு: உங்கள் கிளேஸ் வழிந்து அவர்கள் சூளையின் அடுக்குத் தட்டில் ஒட்டிக்கொண்டால் தட்டின் விலையை நீங்கள்தான் தர வேண்டும். அது நியாயமும்கூட. புதுக் கிளேஸ் என்றால் அடியில் மண்ணால் ஒரு சிறு தட்டு செய்து, அதன் மேல் வைத்து அனுப்புங்கள்.

ஊரில் குயவர் சூளை இருந்தால், டெரகோட்டாவுக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. வைக்கோலும் தென்னை மட்டையும் விறகும் போட்டுச் சுடும் சூளையில் ஸ்டோன்வேர் மண் வேகாது. ஆனால் அந்த ஊர் மண்ணுக்கு ஏற்ற சூடு எது என்பது அவர்கள் கைக்குத் தெரியும். உங்கள் இருபது அகலுக்காக அவர்கள் அடுக்கை மாற்றி அமைக்க வேண்டியிருக்கும் என்பதை நினைத்துக் கூலி கொடுங்கள்.

## மின்சூளை

வீட்டுக் கூடத்துக்குச் சொந்தச் சூளை என்று முடிவு செய்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் இங்கேதான் வந்து சேர்வார்கள். அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

அளவிலிருந்து தொடங்கலாம். உள்ளே 40 செ.மீ. நீளம், அகலம், உயரம் என்றால் 64 லிட்டர். காதோடு 12 செ.மீ. வரும் கோப்பைகளை ஒரு தட்டில் ஒன்பது வைக்கலாம். பத்து செ.மீ. உயரக் கோப்பை என்றால் மூன்று அடுக்கு. ஆக, கிளேஸ் சூட்டில் 27 கோப்பைகள். கிளேஸ் பூசாத முதல் சூட்டில், அதாவது பிஸ்க்கில், ஒன்றின் மேல் ஒன்றை வைக்கலாம் என்பதால் நாற்பது வரை போகும்.

இந்த அளவுச் சூளை சுமார் 5 கிலோவாட் இழுக்கும். 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 22 ஆம்பியர். வீட்டில் ஏ.சி.க்கும் கீசருக்கும் போட்ட 16 ஆம்பியர் பிளக் இதைத் தாங்காது. மெயின் போர்டிலிருந்து தனி லைன், 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், அதற்கென ஓர் எம்.சி.பி., நல்ல எர்த் ஆகியவை வேண்டும். விற்பவர் தரும் விலைப்பட்டியலில் இவை எதுவும் இருக்காது. 9 கிலோவாட் என்றால் மும்முனையில் ஒவ்வொரு முனைக்கும் 12, 13 ஆம்பியர்தான். வயருக்கு அது நிம்மதி. ஆனால் வீட்டு இணைப்பை மும்முனையாக மாற்றும் செலவும் அலைச்சலும் தனி.

மின்னழுத்தம் குறைவதைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சூளையின் திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 230 வோல்ட் 200 ஆக இறங்கினால் 5 கிலோவாட் சூளை 3.8 கிலோவாட் சூளையாகிவிடும். ஒரு மே மாத மாலை, தெரு முழுக்க ஏ.சி. ஓடிக்கொண்டிருக்க, என் சூளை 1160 டிகிரியில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டது. மின்சாரம் செலவாகிக்கொண்டே இருந்தது, சூடு மட்டும் ஏறவில்லை. அன்றிலிருந்து ராத்திரி பத்து மணிக்கு மேல் தொடங்கி, உச்சச் சூடு விடியற்காலையில் வருமாறு வைத்துக்கொள்கிறேன். வாங்குவதற்கு முன் ஒரு வாரம், மாலை ஏழு மணிக்கு உங்கள் வீட்டு வோல்ட்டேஜை அளந்து எழுதி வையுங்கள். இதற்குச் சின்ன மீட்டர் போதும்.

அப்புறம் மின்கட்டணம். சூளை முழு நேரமும் முழுத் திறனில் ஓடாது, விட்டு விட்டுத்தான் இழுக்கும். 64 லிட்டர் சூளையில் பிஸ்க்குக்கு 20 யூனிட், கோன் 6 கிளேஸுக்கு 30 யூனிட் என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு 50. மாதம் இரண்டு சுற்று என்றால், இரண்டு மாதக் கணக்கில் 200 யூனிட். தனியாகப் பார்த்தால் இது பெரிதாகத் தெரியாது. ஏற்கெனவே 400 யூனிட் ஓடும் வீட்டில் அது 600 ஆகும்போதுதான் வலிக்கும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்லாமல், முந்தைய யூனிட்டுகள் சிலவற்றுக்கும் சேர்த்துக் கட்டுவீர்கள். செய்ததை விற்கத் தொடங்கினாலோ வகுப்பு எடுத்தாலோ வீட்டுக் கட்டண வீதம் பொருந்தாமல் போகலாம் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

சூளையின் உச்ச வெப்பநிலை என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். "1250 வரை போகும்" என்று சொல்லி விற்ற சூளையில் நான் ஒவ்வொரு தடவையும் 1220 வரை போனேன். ஐம்பது சூடு ஆவதற்குள் கம்பிச் சுருள்கள் தொய்ந்து, செங்கல் பொரியத் தொடங்கியது. பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்: 23 தர இன்சுலேஷன் செங்கல் 1260 டிகிரி வரைக்குமானது, 26 தரம் 1430 வரை. கோன் 6 சுடுவோர் 26 தரச் செங்கலும், 1300 டிகிரிக்கு என்று கட்டிய சூளையும் கேட்டு வாங்க வேண்டும். கொஞ்சம் கூடத்தான் ஆகும். அந்தக் காசுக்கு நான் யாரிடமும் பேரம் பேசச் சொல்லமாட்டேன்.

சூட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் ஒரு விஷயம். சுருளுக்கு மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பும் சுவிட்சான கான்டாக்டர் "டக் டக்" என்று சத்தம் போடும், நாளடைவில் தேயும். அதே வேலையைச் செய்யும் மின்னணு சுவிட்சான எஸ்.எஸ்.ஆர். சத்தமில்லாமல் ஓடும், சூட்டையும் சீராகப் பிடிக்கும். ஆனால் அது பழுதாகும்போது பெரும்பாலும் மின்சாரத்தை விடாமல் அனுப்பும் நிலையில் மாட்டிக்கொள்ளும். நீங்கள் தூங்கிக்கொண்டிருக்க, சூளை ஏறிக்கொண்டே போகும். எஸ்.எஸ்.ஆர். உள்ள சூளையில் பாதுகாப்புக்காகத் தனியாக ஒரு கான்டாக்டரும் உச்ச வரம்பில் துண்டிக்கும் ஏற்பாடும் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேறு சூளை பாருங்கள்.

மேலே திறப்பதா முன்னால் திறப்பதா என்பதில் எனக்குப் பெரிய கருத்து இல்லை. மேலே திறப்பது விலை குறைவு, இடுப்புக்கு வேலை அதிகம். முன்னால் திறப்பது அடுக்க எளிது, கனமானது.

கம்பிச் சுருள்களுக்கு ஆயுள் உண்டு. பழையதாக ஆக அவற்றின் மின்தடை கூடும், சூளையின் திறன் குறையும். ஸ்டோன்வேர் சூட்டில் நூறு, நூற்றைம்பது தடவைக்குள் மாற்ற வேண்டிவரும் என்று வைத்து அதற்குப் பணம் ஒதுக்குங்கள். கடலோர ஊர் என்றால் இணைப்பு முனைகளில் துருவும் சேர்ந்துகொள்ளும்.

மின்சூளையால் முடியாதது ஒன்று உண்டு. காற்றைக் குறைத்து, புகைச்சூழலில் சுடுவது. செலடான் பச்சை, செம்பிலிருந்து வரும் சிவப்பு இவற்றின் மேல் மனது போய்விட்டால் அடுத்த பகுதிதான் உங்களுக்கு.

## எரிவாயுச் சூளை

கோன் 10-க்கு எளிதாகப் போகும். தீயைக் கையால் ஆளலாம். சுட்டுக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. ஆனால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவருக்கு இது ஞாயிற்றுக்கிழமைத் தொழில்.

சமையலுக்கான 14.2 கிலோ சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது. 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டும். ஒன்று போதாது என்பதும் முதல் சூட்டில்தான் பலருக்குத் தெரிகிறது. வேகமாக வாயுவை இழுக்கும்போது உள்ளிருக்கும் திரவம் குளிர்ந்து, அழுத்தம் இறங்கி, சிலிண்டரின் மேல் பனி படியும். பாதி வாயு உள்ளே இருக்கும், தீ மட்டும் சோர்ந்துவிடும். அதனால் இரண்டு மூன்று சிலிண்டரை ஒரே குழாயில் சேர்த்து ஓட்டுவார்கள். அந்த முன்பணம், குழாய், ரெகுலேட்டர் எல்லாம் மறைந்திருக்கும் செலவு.

இந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். புகைச்சூழலில் சுடும்போது கார்பன் மோனாக்சைடு வரும். மூடிய அறையிலும் அடித்தளத்திலும் இதை வைக்கவே கூடாது. நாலு பக்கமும் திறந்த கொட்டகை, தீ அணைந்தால் வாயுவைத் தானே நிறுத்தும் வால்வு இரண்டும் இல்லாமல் தொடங்காதீர்கள்.

## விறகுச் சூளை

ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் பழகியவர்கள் வழியாகத்தான் அந்த வட்டாரத்தில் ஸ்டோன்வேர் வேரூன்றியது. கடலூர், விழுப்புரம் கடலோரத்தில் சவுக்கு விளைவதால் அங்கே விறகுக்குக் குறைவில்லை. பறக்கும் சாம்பல் பாண்டத்தின் மேல் உருகிப் படிந்து தரும் நிறம் வேறு எதிலும் வராது.

ஆனால் இதற்குச் சொந்த நிலம், புகையைப் பொறுக்கும் அக்கம்பக்கம், மாறி மாறி விறகு போட நாலு பேர் வேண்டும். தனி ஆளாக வீட்டில் தொடங்க நினைப்பவருக்கு இது வழி இல்லை. விறகுச் சூளை வைத்திருப்பவர் சுடும் நாளில் போய் ஒத்தாசை செய்து, நாலு உருப்படியை உள்ளே வைத்துக்கொள்வதே நல்லது.

| வழி | எதுவரை | மறைந்திருக்கும் செலவு | எப்போது சரி |
|---|---|---|---|
| கூலிச் சூடு | கூடத்தின் சூளையைப் பொறுத்தது | வழியில் உடைவது, காத்திருப்பு | மாதம் 50 உருப்படிக்குக் கீழ், வாடகை வீடு |
| மின்சூளை | 1300 வரை | தனி லைன், கட்டண அடுக்கு, சுருள் மாற்றுவது | சொந்த வீடு, சீரான மின்சாரம் |
| எரிவாயு | 1300 | சிலிண்டர் முன்பணம், கொட்டகை, முழு நாள் | புகைச்சூழல் நிறங்கள் வேண்டும் என்றால் |
| விறகு | 1300 | நிலம், ஆட்கள் | கூட்டாகச் செய்வோருக்கு |

## இனி சக்கரம்

சக்கரத்தில் பார்க்க வேண்டியது குறைந்த வேகத்தில் அதன் பிடி. கடையில் மண் இல்லாமல் சுற்றிக் காட்டினால் எல்லாச் சக்கரமும் நன்றாகத்தான் சுற்றும். மூன்று கிலோ மண்ணைக் கொண்டுபோய் வைத்து, மெதுவாக ஓடவிட்டு, இரண்டு கையாலும் அழுத்துங்கள். திணறினால் வேண்டாம். அடுத்து, பெடலை மிக லேசாக மிதிக்கும்போது மெல்லப் புறப்படுகிறதா, இல்லை வெடுக்கென்று பாய்கிறதா என்று பாருங்கள். கிண்ணத்தின் அடியைச் செதுக்கும்போது அந்த வெடுக்குதான் பாண்டத்தைத் தூக்கி எறியும்.

காலால் உதைக்கும் சக்கரத்துக்கு மின்சாரம் வேண்டாம், பழுதும் அபூர்வம். கனமான அடிச்சக்கரம் ஒரு தடவை வேகம் பிடித்தால் கொஞ்ச நேரம் ஓடும். அதன் தாளத்துக்குக் கை பழகிவிட்டால் அவசரமே வராது. முழங்காலில் தொந்தரவு உள்ளவர்களுக்கும், பெரிய மண்ணை வனைவோருக்கும் சரிப்படாது. மாடிக்குத் தூக்குவது பெரும்பாடு.

உள்ளூர்ப் பட்டறையில் செய்த மின்சக்கரத்தைத்தான் நான் பெரும்பாலோருக்குச் சொல்வேன். அரைக் குதிரைத்திறன் மோட்டார், அதாவது ஏறத்தாழ 370 வாட், பத்துக் கிலோ மண் வரை போதும். பெல்ட் அறுந்தாலும் பெடல் போனாலும் ஊரிலேயே சரிசெய்யலாம். குறை என்னவென்றால் ஒரு சக்கரம் போல் இன்னொன்று இருக்காது. தட்டு ஆடாமல் சுற்றுகிறதா என்று ஒரு பென்சில் முனையைப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள்.

ஷிம்போ, பிரென்ட் போன்ற இறக்குமதிச் சக்கரங்கள் அமைதியானவை, பெடல் வெண்ணெய் மாதிரி. தினமும் நாலைந்து மணி நேரம் வனைபவருக்கு அந்தக் காசு வீண் இல்லை. நம்முடைய 230 வோல்ட்டுக்கு ஆன மாதிரிதானா, கன்ட்ரோல் போர்டு போனால் இங்கே யாரிடம் கிடைக்கும் என்ற இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகு வாங்குங்கள். சுங்கவரியையும் கப்பல் செலவையும் சேர்த்த விலைதான் விலை.

எந்தச் சக்கரமானாலும் உயரத்தைச் சரிசெய்யுங்கள். கீழே செங்கல் அடுக்கி உயர்த்தி, நின்றுகொண்டே வனைவோர் உண்டு. முதுகுவலிக்காரர்களுக்கு அது பெரிய விடுதலை. அப்புறம் ஒன்று: அய்யனார் கோயில் குதிரைகளில் பெரும்பகுதி கையால் எழுப்பியவை. கையால் செய்வதில்தான் உங்களுக்கு மனநிறைவு என்றால் சக்கரமே வேண்டாம், அந்தப் பணத்தைச் சூளையில் போடுங்கள்.

## மற்றவை, சுருக்கமாக

மண் அரைத்துக் கலக்கும் பக்மில் மாதம் நூறு கிலோவுக்கு மேல் புழங்குவோருக்குத்தான். மண் தகடு உருட்டும் ஸ்லாப் ரோலருக்குப் பதில் ஒரே கனமுள்ள இரண்டு ரீப்பர்களும் ஒரு பூரிக்கட்டையும் போதும். கழுவும் தண்ணீரை நேரே சாக்கடையில் விடாதீர்கள். இரண்டு வாளியில் தெளியவைத்து ஊற்றுங்கள், அடியில் நிற்கும் மண் திரும்ப உதவும். காய்ந்த மண் தூசியைத் துடைப்பத்தால் பெருக்கவே வேண்டாம். அதிலுள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கும். ஈரத்துணியால் துடையுங்கள். கிளேஸ் தூள் கலக்கும்போது என்95 முகக்கவசம் கட்டாயம்.

## யார் எதை வாங்கலாம்

வாடகைக் குடியிருப்பில் மேல்மாடியில் இருப்பவர் உள்ளூர்ச் சக்கரம் ஒன்றை வாங்கிக் கூலிக்குச் சுடட்டும். சொந்த வீடு, தரைத்தளம், மாதம் ஐம்பது உருப்படிக்கு மேல் என்றால் 26 தரச் செங்கல் வைத்த 64 லிட்டர் மின்சூளை. கிராமத்தில் இடம் உள்ளவர், டெரகோட்டாதான் செய்கிறார் என்றால் குயவர் சூளையோடு சேர்ந்துகொள்வதே மேல். எரிவாயுச் சூளையை, குறைந்தது பத்துத் தடவையாவது இன்னொருவர் சூளையில் உடனிருந்து சுட்ட பிறகு யோசியுங்கள்.

கூடங்கள் மூடும்போது பழைய மின்சூளை மலிவாக வரும். அதை விட வேண்டாம், ஆனால் எரியவிட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். கோன் 6 ஒன்றை உள்ளே வைத்து, அது வளையும் வரை கூடவே இருங்கள். எத்தனை மணி நேரம் எடுத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் சுருள் மாற்றும் செலவை விலையிலிருந்து கழிக்கச் சொல்லுங்கள். அந்தச் சுருளைச் செய்து மாட்டித் தர உங்கள் ஊரில் ஆள் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். ஆள் இல்லை என்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் அந்தச் சூளையை வாங்கமாட்டேன்.